வீட்டுக்குப் போகும் பி.எஃப். பணம்: மும்பைக் கணக்கு

மும்பையில் சொந்த வீடு என்ற பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் பி.எஃப். கணக்கில் வந்து நிற்கிறது. நகையை அடகு வைக்கலாமா, சீட்டை எடுக்கலாமா, ஊரில் சும்மா கிடக்கும் மனையை விற்கலாமா என்று ஒவ்வொன்றாக அலசிவிட்டு, “பி.எஃப்.பில் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்கிறார்கள். செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் நம்மவர்கள் வீடுகளில் இந்தக் கேள்வி எழாத ஆண்டே இல்லை. கேள்வியில் தவறில்லை. பதில் சொல்லும்போது அந்தப் பணம் உண்மையில் எதற்காக அங்கே இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டிலிருந்து வெளியேற முன்பணம் போதவில்லை என்றால் பி.எஃப். பணத்தை எடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைப்பதற்காக எடுக்க வேண்டாம். எதற்காக எடுத்தாலும் மறுமாதத்திலிருந்தே அந்தக் கணக்கைத் திரும்ப நிரப்பத் தொடங்க வேண்டும்.

முன்பணம் ஏன் இவ்வளவு கழுத்தைப் பிடிக்கிறது என்று பார்ப்போம். வங்கி முழு விலைக்கும் கடன் தராது. 30 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வீட்டின் மதிப்போடு சேர்த்துக் காட்டவும் முடியாது. மிகச் சிறிய வீடுகளுக்கு மட்டுமே அதில் விலக்கு.

மாநகராட்சி எல்லைக்குள் 70 லட்சம் ரூபாய்க்கு ஒரு சிறிய ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். வங்கி 56 லட்சம் தரும். மீதி 14 லட்சம் நம் கையிலிருந்து போக வேண்டும். மும்பையில் முத்திரைத் தீர்வை 6 சதவீதம், அதாவது 4.20 லட்சம். பதிவுக் கட்டணம் 30,000. பழைய ஃபிளாட் என்றால் சொசைட்டிக்கு, அதாவது குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கத்துக்கு, மாற்றுக் கட்டணம் 25,000 வரை. தரகருக்கு ஒரு சதவீதம் கொடுத்தால் இன்னொரு 70,000. சாவி கைக்கு வருவதற்குள் 19 லட்சத்துக்கு மேல் ரொக்கமாக வேண்டியிருக்கிறது. கணவனும் மனைவியும் வேலைக்குப் போய், மாதத் தவணை கட்டும் வசதியுள்ள குடும்பம்கூட இந்த 19 லட்சத்தில்தான் தடுக்கி விழுகிறது.

வாடகையில் இருப்பவர்களின் அவசரமும் புரியாததல்ல. பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், ஒவ்வொரு முறையும் டெபாசிட், தரகு, பிள்ளைகளின் பள்ளி மாற்றம். வயதான தம்பதிக்கு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கும் வீட்டுக்காரர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர். முதுமையில் தலைக்கு மேல் சொந்தக் கூரை இருப்பதும் ஓய்வுக்காலப் பாதுகாப்புதான் என்று சொல்பவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது.

சட்டம் அதை என்றோ ஏற்றுக்கொண்டுவிட்டது. 1952ஆம் ஆண்டின் பி.எஃப். திட்டத்தில் வீட்டுக்காகப் பணம் எடுக்கும் விதி 68பி. உறுப்பினராகி 5 ஆண்டு முடிந்திருந்தால், மனை வாங்க 24 மாதச் சம்பளம், வீடு வாங்கவோ கட்டவோ 36 மாதச் சம்பளம் வரை எடுக்கலாம். சம்பளம் என்றால் இங்கே அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் மட்டுமே. இந்தத் தொகை, கணக்கில் இருக்கும் ஊழியர்-முதலாளி இரு தரப்புப் பங்கு, வீட்டின் விலை ஆகியவற்றில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். பணம் வாங்கிய 6 மாதத்துக்குள் வீட்டை வாங்கிவிட வேண்டும். கட்டுவதானால் 6 மாதத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். கடனை அடைக்க 68பிபி என்று தனி விதி, அதற்கு 10 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும்.

2025 அக்டோபர் 13 அன்று கூடிய பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு இந்தப் பழைய விதிகளை உருக்கி வார்க்க முடிவெடுத்தது. அந்த முடிவின்படி பதின்மூன்று பிரிவுகள் மூன்றாகச் சுருங்கின: அத்தியாவசியத் தேவை, வீடு, சிறப்புச் சூழல். எதற்கும் 12 மாதப் பணி போதும். முதலாளியின் பங்கையும் சேர்த்து எடுக்கலாம், ஆனால் பங்களிப்பில் 25 சதவீதம் கணக்கிலேயே இருக்க வேண்டும். இந்த 25 சதவீதம் ஏன் என்பதற்கு அப்போது சொல்லப்பட்ட காரணத்தை எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். கணக்கை இறுதியாக முடிக்கும்போது பாதி உறுப்பினர்களின் பி.எஃப்.பில் 20,000 ரூபாய்க்கும் குறைவாகவே இருந்திருக்கிறது. முக்கால்வாசிப் பேருக்கு 50,000 ரூபாய்க்கும் குறைவு. வாழ்நாள் முழுதும் உழைத்தவர் கையில் ஓய்வின்போது ஒரு மாத மும்பைச் செலவுக்குத்தான் பணம்! வேலை மாறும்போதெல்லாம் துடைத்தெடுத்ததன் விளைவு இது.

அரசு ஊழியர் நிலைமை வேறு; அவருக்கு ஓய்வூதியம் என்று ஒன்று தனியே வரும். தனியார் ஊழியருக்கு என்ன வரும் என்பதை பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் தெரியும். அதில் மூன்று பத்திகள் இருக்கும்: ஊழியர் பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்களிப்பு. அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால் முதல் பத்தியில் 4,800, இரண்டாவதில் 3,550, மூன்றாவதில் 1,250. அந்த மூன்றாவது பத்தி மாதாமாதம் அதே 1,250தான். சம்பளம் ஏறினாலும் அது ஏறாது, ஏனென்றால் ஓய்வூதியத்துக்கான சம்பள வரம்பு 2014 செப்டம்பரிலிருந்து 15,000 ரூபாயில் நிற்கிறது. 58 வயதில் கிடைக்கும் ஓய்வூதியம், சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுத்தால் வருவது. 15,000 ரூபாய், 35 ஆண்டு என்று வைத்தால் மாதம் 7,500. விலைவாசி ஏறுகிறதே என்று அது கூடாது. கூடுதல் சம்பளத்துக்கு ஓய்வூதியம் வாங்கும் உரிமை பெற்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஏறக்குறைய இதுதான் உச்சம்.

மும்பையில் சொசைட்டி பராமரிப்புக் கட்டணமும் மின்கட்டணமும் கட்டினாலே அந்த 7,500 கரைந்துவிடும். ஆகவே முதல் இரண்டு பத்திகளில் சேரும் பணம்தான் தனியார் ஊழியரின் உண்மையான ஓய்வூதியம். சட்டப்படி வேண்டிய 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 செலுத்தும் நிறுவனத்தில் வேலை என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கணக்கில் வீட்டுக்கு எடுக்கவே பெரிதாக ஒன்றும் இருக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். 38 வயதில் பி.எஃப்.பிலிருந்து 10 லட்சம் எடுத்தால் என்ன ஆகும்? 2023-24, 2024-25 ஆண்டுகளுக்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். இதே விகிதம் நீடித்தால் 58 வயதில் அந்தப் பத்து லட்சம் சுமார் 48.8 லட்சமாகியிருக்கும். ஆண்டுக்கு 6 சதவீதம் விலைவாசி ஏறுவதாக வைத்துக் கழித்தால் இன்றைய மதிப்பில் சுமார் 15 லட்சம். பெரிய எண்ணைக் காட்டி மிரட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பார்க்க வேண்டியது இந்த 15 லட்சத்தைத்தான். அதுவும் சின்னத் தொகை அல்ல.

அந்தப் பத்து லட்சத்தால் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கடனை அடைத்தால்? 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால் பத்து லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 8,680 ரூபாய். அது மிச்சமாகும். 20 ஆண்டில் கட்டியிருக்க வேண்டிய வட்டி மட்டும் பத்து லட்சத்துக்கும் மேல் என்று வங்கி அட்டவணை காட்டும். அதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் பலர் 10 ஆண்டு முடிந்ததும் பி.எஃப்.பைத் துடைத்துக் கடனில் போடுகிறார்கள். மிச்சமாகும் 8,680 ரூபாயை மாதம் தவறாமல் 8.25 சதவீதத்தில் சேமித்தால் 20 ஆண்டில் சுமார் 52.7 லட்சம் வரும். 48.8 லட்சத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. இரு பக்க வட்டியும் ஏறக்குறைய ஒன்று என்பதால் கணக்கும் ஏறக்குறைய சமமாகத்தான் முடியும். ஆனால் மிச்சமாகும் 8,680 ரூபாயை ஒரு மாதம்கூட விடாமல் சேமிப்பவர் எத்தனை பேர்? பள்ளிக் கட்டணம், கல்யாண மொய், புதிய ஃபிரிட்ஜ் என்று அது கரைந்துபோகும். பி.எஃப்.பில் கிடந்த பணமோ யாரும் கவனிக்காமலே வளர்ந்துகொண்டிருந்தது. அந்த நல்ல ஏற்பாட்டைக் கலைப்பதற்கு இந்தச் சிறிய வட்டி வித்தியாசம் போதுமான காரணம் அல்ல.

முன்பணத்துக்கு எடுப்பது வேறு கதை. அங்கே வீட்டுக் கடனின் 8.5 சதவீதத்தோடு ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் அந்தத் தொகைக்கு வங்கி வீட்டுக் கடன் தரவே தராது. மாற்று வழி தனிநபர் கடன். அதன் வட்டி 12, 14, 16 சதவீதம் என்று போகும், ஐந்து ஆண்டில் கட்டி முடிக்கவும் வேண்டும். வீட்டுத் தவணையோடு அதுவும் சேர்ந்தால் குடும்பம் மூச்சுத் திணறும். இன்னொரு மாற்று, சில ஆண்டுகள் காத்திருந்து சேர்ப்பது. வேலை நிலையாக இல்லாதவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். மற்றவர்களுக்கு, குறையும் தொகையை மட்டும் பி.எஃப்.பிலிருந்து எடுப்பது நியாயமான வழி. கிடைப்பதையெல்லாம் எடுக்காமல், குறைவதை மட்டும். மாடுலர் கிச்சனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஓய்வூதியப் பணம் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

சிங்கப்பூரில் இதே கேள்விக்கு வேறு விடை கண்டிருக்கிறார்கள். அங்கே 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தை வீடமைப்புக் கழக வீடு வாங்கப் பயன்படுத்தலாம். அந்த நாட்டில் பெரும்பாலோர் சொந்த வீட்டில் வாழ்வதற்கு அது முக்கியக் காரணம். ஆனால் வீட்டை விற்கும்போது, எடுத்த தொகையையும் அது கணக்கிலேயே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வட்டியையும் சேர்த்து விற்ற பணத்திலிருந்து உங்கள் சேமநிதிக் கணக்குக்கே திருப்பிச் செலுத்த வேண்டும். வட்டி 2.5 சதவீதம். அப்படி இருந்தும், வீடு இருக்கிறது, கையில் ரொக்கம் இல்லை என்ற முதியவர்களின் கவலை அங்கே பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. நம் பி.எஃப்.பிலோ வீட்டுக்கென்று எடுத்ததைத் திருப்பிக் கட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. சொன்ன காரியத்துக்குச் செலவழிக்காமல் போனால்தான் அபராத வட்டியோடு திரும்ப வாங்குவார்கள். எனவே நிரப்புவது முழுக்க நம் பொறுப்பு.

நிரப்பும் வழி எளிது. விருப்ப பி.எஃப். என்று ஒன்று உண்டு. சம்பளப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தால், கட்டாய 12 சதவீதத்துக்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும், முழு அடிப்படைச் சம்பளம் வரைகூடப் பிடித்துச் செலுத்துவார்கள். வட்டி அதே வட்டி. ஊழியர் செலுத்தும் தொகை ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதியின் வட்டிக்கு மட்டும் வரி. 40,000 அடிப்படைச் சம்பளக்காரருக்கு மாதம் 16,000 ரூபாய் வரை கூடுதலாகப் போடலாம், அந்த எல்லை தொடாது. புது வீட்டுத் தவணையோடு அவ்வளவு முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் 3,000 போடட்டும். 20 ஆண்டில் சுமார் 18 லட்சம். 5,000 என்றால் 30 லட்சம். ஆண்டுதோறும் சம்பளம் ஏறும்போது பாதி ஏற்றத்தை இதில் சேர்த்தால், எடுத்த பள்ளம் பெரும்பாலும் மூடிவிடும். பல நிறுவனங்கள் ஏப்ரல் மாதத்தில் மட்டுமே இதை மாற்ற விடுகின்றன, ஆகையால் வீட்டுப் பதிவு முடிந்த கையோடு சம்பளப் பிரிவைக் கேட்டு வைப்பது நல்லது.

வட்டிக் கணக்கில் அகப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. பி.எஃப். சட்டத்தின் 10ஆம் பிரிவுப்படி, கணக்கில் இருக்கும் பணத்தைக் கடன்காரர் எவரும் நீதிமன்றத்துக்குப் போய்க்கூடப் பறிமுதல் செய்ய முடியாது. தொழில் நொடித்தாலும், யாருக்கோ ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டாலும் அது தப்பித்துவிடும். அதை எடுத்து அடமான வீட்டில் போட்ட நொடியில் அந்தக் காப்பு போய்விடுகிறது. தவணை 90 நாள் நின்றால் கடன் வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, வழக்குப் போடாமலே வங்கி வீட்டைக் கைப்பற்றலாம். யாரும் தொட முடியாத பணத்தை, வேலை போனால் பறிபோகக்கூடிய இடத்துக்கு மாற்றுகிறோம் என்பது தெரிந்தே செய்ய வேண்டிய காரியம். ஆறு மாதத் தவணைக்கான ரொக்கம் தனியே இல்லாதவர் பி.எஃப்.பைத் தொடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டி முடியாத ஃபிளாட்டில் பி.எஃப். பணத்தைப் போடுவதும் எனக்கு உவப்பில்லை. மும்பையிலும் தாணே பக்கத்திலும் பாதியில் நின்ற கட்டடங்களைப் பார்க்காதவர் யார்? ஓ.சி. எனப்படும் குடியேற்றச் சான்றிதழ் வாங்கிய வீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது. கட்டுமானத்தில் இருப்பதுதான் கைக்கு எட்டுகிறது என்றால், மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேராவின் தளத்தில் பதிவைப் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் பத்து சதவீதத்துக்கு மேல் கொடுக்காமல் இருந்தால் போதும். சட்டமும் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றே சொல்கிறது.

வீடு யார் பெயரில் என்ற கேள்வியில் நம் குடும்பங்கள் அதிகம் இடறுகின்றன. உறுப்பினர் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, இருவர் பெயரிலுமோ இருந்தால்தான் 68பி பொருந்தும். அப்பாவோடும் அண்ணன் தம்பியோடும் கூட்டாக இருக்கும் சொத்துக்குப் பணம் கிடைக்காது. திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ அப்பா பெயரில் பட்டா இருக்கும் மனையில் ஓய்வுக்குப் பிறகு தங்க வீடு கட்டுகிறேன் என்று மும்பையிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் இதை முன்கூட்டியே சரிசெய்துகொள்ள வேண்டும். வேலை பார்க்கும் ஊரில்தான் வீடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டா மட்டும் உங்கள் பெயருக்கோ மனைவி பெயருக்கோ மாறியிருக்க வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் பெண்ணின் பெயரில் மட்டும் வீட்டைப் பதிந்தால் முத்திரைத் தீர்வையில் ஒரு சதவீதம் சலுகை. மேலே சொன்ன 70 லட்சம் ஃபிளாட்டில் அது 70,000 ரூபாய். கணவர் தன் பி.எஃப்.பை எடுத்து மனைவி பெயரில் வீடு வாங்க விதி இடம் கொடுக்கிறது; இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பி.எஃப்.பிலிருந்து எடுக்கும் தொகையே அந்த அளவுக்குக் குறையும். நடப்பில் இதற்கு நேர்மாறாகத்தான் அதிகம் காண்கிறேன். பிரசவத்துக்காக வேலையை விட்ட பெண்ணின் பி.எஃப். கணக்குதான் முதலில் முடிக்கப்படுகிறது, அந்தப் பணம் கணவர் பெயரில் மட்டும் பதியும் வீட்டுக்குப் போகிறது. பத்து ஆண்டு கழித்து அவளுக்கென்று ஒரு ரூபாய் ஓய்வூதியமும் இல்லை, சுவரில் ஒரு செங்கல்லும் இல்லை. அவள் பணம் வீட்டில் இருந்தால் அவள் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும்.

பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்புநிதி), என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்குகளையும் சிலர் கேட்கிறார்கள். பி.பி.எஃப்.பில் ஏழாவது நிதியாண்டிலிருந்து ஒரு பகுதியை எடுக்கலாம், காரணம் கேட்க மாட்டார்கள். வட்டி 2020 ஏப்ரலிலிருந்து 7.1 சதவீதம் என்பதால், எதையாவது எடுத்தே ஆக வேண்டும் என்றால் 8.25 தரும் பி.எஃப்.புக்கு முன்னால் இதை எடுப்பதே சரி. என்.பி.எஸ்.ஸில் மூன்று ஆண்டு கழித்து, சொந்தப் பங்களிப்பில் மட்டும் 25 சதவீதம் வரை, முதல் வீட்டுக்கு எடுக்கலாம். தாராவியில் தோல் பட்டறையிலும் இட்லி வியாபாரத்திலும் உழைப்பவர்களுக்கு இந்த மூன்றில் ஒன்றும் இல்லாமல் போகிறது என்பது இந்தப் பேச்சு முழுவதிலும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விண்ணப்பத்தில் நம்மவர்களுக்கென்றே வரும் தொல்லை பெயர். ஆதாரில் அப்பா பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும், வங்கியில் இனிஷியல் மட்டும் இருக்கும், பி.எஃப்.பில் முதல் வேலையில் யாரோ ‘சர்நேம்’ கேட்டு ஊர்ப் பெயரை ஏற்றியிருப்பார்கள். மராட்டிய வழக்கப்படி அச்சடித்த படிவங்களில் நம் இனிஷியல் எந்தக் கட்டத்திலும் அடங்காது. மூன்றும் பொருந்தாவிட்டால் கோரிக்கை திரும்பி வரும், அதற்குள் வீட்டுக்காரர் கொடுத்த கெடு முடிந்துவிடும். வீடு பார்க்கத் தொடங்கும்போதே யு.ஏ.என். எனப்படும் பி.எஃப். உறுப்பினர் எண்ணுக்குரிய கணக்கில் பெயரையும் பிறந்த தேதியையும் திருத்தி, பழைய நிறுவனங்களின் கணக்குகளை நடப்புக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றினால்தான் பழைய பணி ஆண்டுகளும் கணக்கில் சேரும். அதன் பிறகு வேலை சுலபம்: 2025இல் தானியங்கித் தீர்வுக்கான வரம்பை ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள், வீட்டுக்கான கோரிக்கையும் அந்த வரிசையில் வருகிறது.

விண்ணப்பிக்க வேண்டியது 31ஆம் எண் படிவம். வேலை மாறும் இடைவெளியில் பி.எஃப். கணக்கை முடிக்கும் 19ஆம் படிவத்தையும் ஓய்வூதியப் பங்கை எடுக்கும் 10சி படிவத்தையும் போட்டு மொத்தத்தையும் எடுத்து வீட்டில் போடுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். 31ஆம் படிவத்தில் எடுத்தால் ஓய்வூதியப் பணி ஆண்டுகள் அப்படியே தொடரும். 10சி போட்டுப் பணத்தை வாங்கினால் அதுவரை சேர்ந்த ஆண்டுகள் அழிந்துபோகும். ஓய்வூதியத்துக்கு வேண்டிய பத்து ஆண்டை மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடியாமல் 19 போட்டால் வருமான வரியும் உண்டு, 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் பான் எண் கொடுத்திருந்தாலும் பத்து சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள்.